ஊர்த் தண்ணீரைச் சோதிக்க: மீட்டரா, கிட்டா, வாரிய லேபா, தனியார் லேபா?

எங்கள் ஊரில் குடிக்க நான்கு விதத் தண்ணீர் இருக்கிறது. தெருக்குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீர், அது வராத நாளில் சின்டெக்ஸ் டேங்கில் ஏற்றிவிடும் போர் தண்ணீர், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் அடிபம்பு, அப்புறம் வசதி உள்ளவர்கள் வாங்கும் கேன். தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கம் பல ஊர்களில் இதே கதைதான். ஜப்பான் கடனுதவியோடு கட்டி 2013ல் திறந்த ஒகேனக்கல் திட்டத்தின் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் என்ற சொல் இருக்கிறது. அதாவது இந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு இருக்கிறது, பிள்ளைகளின் பல் கறை பிடிக்கிறது, பெரியவர்களுக்கு முட்டியும் இடுப்பும் இறுகிப்போகிறது என்பதை அரசாங்கமே ஏற்றுக்கொண்டு கொண்டுவந்த தண்ணீர் அது. ஆனாலும் குழாய் வராத நாளில் மனிதர்கள் எதையாவது குடிக்கத்தானே வேண்டும்.

போன வருடம் மகளிர் குழுவும் நாங்கள் சில பேரும் சேர்ந்து, ஊர்த் தண்ணீர் எல்லாவற்றையும் ஒருமுறை ஒழுங்காகச் சோதித்துவிட வேண்டும் என்று வீட்டுக்கு இவ்வளவு எனக் காசு போட்டோம். காசு சேர்ந்த அன்றே வாக்குவாதம் ஆரம்பித்துவிட்டது. ஒருவர் டிடிஎஸ் மீட்டர் வாங்கிவிடலாம், வருடக்கணக்கில் வரும் என்றார். இன்னொருவர் நல்ல தனியார் லேபில் 'ஃபுல் டெஸ்ட்' கொடுத்துவிடலாம் என்றார். வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தில் பயிற்சி எடுத்த அக்கா ஒருவர், ஊராட்சியில் கிட் இருக்கிறதே, அது எதற்கு அலமாரியில் தூங்குகிறது என்று கேட்டார். குடிநீர் வடிகால் வாரியத்து லேபில் கொடுத்தால் போதும் என்று சொன்னவரும் உண்டு. நான்கையும் விசாரித்து, மூன்றைச் செய்தும் பார்த்துவிட்டதால், இதே குழப்பத்தில் இருக்கும் வேறு ஊர்க்காரர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ளுங்கள், இதைப் பிரிக்காததால்தான் எங்கள் முதல் கூட்டம் முழுக்க வீணானது. தண்ணீரில் வரும் கெடுதல் இரண்டு வகை. ஒன்று பாறையிலிருந்தோ மண்ணிலிருந்தோ கரைந்து வருவது. ஃப்ளோரைடு, உப்பு, கடினத்தன்மை எல்லாம் இந்த வகை, நைட்ரேட்டும் பெரும்பாலும் இதோடுதான் சேரும். இவை இன்று ஒன்று நாளை ஒன்று என்று மாறுவதில்லை, கோடைக்கும் மழைக்கும் இடையில் கொஞ்சம் ஏறி இறங்கும், அவ்வளவுதான். இன்னொன்று மலம் கலப்பதால் வரும் கிருமி. அது காலையில் இல்லாமல் இருந்து மாலையில் இருக்கும், டேங்கில் இல்லாமல் தெருக்கோடிக் குழாயில் இருக்கும், சாக்கடைக்குள் போகும் பைப் ஒன்று விரிசல் விட்டால் போதும். முதல் வகைக்கு வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை, ஆனால் துல்லியமாகச் சோதிக்க வேண்டும். இரண்டாவது வகைக்குத் துல்லியம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, அடிக்கடி சோதிக்க வேண்டும், நம் ஊரிலேயே சோதிக்க வேண்டும். எந்த ஒரே வழியும் இந்த இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்யாது என்பதுதான் நான் அலைந்து தெரிந்துகொண்டது.

சரி, மீட்டரிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதுதான் மலிவு, அதனால்தான் அதிகம் பேர் ஏமாறுவதும் அதில்தான். பேனா மாதிரி இருக்கும் அந்த டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகின்றன என்று பார்த்து லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று ஓர் எண்ணைக் காட்டுகிறது. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. ஒரு லிட்டரில் 3 மில்லிகிராம் ஃப்ளோரைடு இருந்தால் அது குடிக்கவே கூடாத தண்ணீர், இந்தியத் தர நிர்ணயப்படி அதிகபட்ச வரம்பே 1.5தான். ஆனால் மீட்டரில் 700 காட்டும் தண்ணீரில் அந்த 3 எங்கே தெரியும்? கிருமியைப் பற்றியோ மீட்டருக்கு ஒன்றுமே தெரியாது, சாக்கடை கலந்த தண்ணீர்கூட 300 காட்டலாம். இந்திய தரமான ஐஎஸ் 10500 டிடிஎஸ்ஸுக்கு 500 என்ற விரும்பத்தக்க அளவையும், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை என்ற தளர்வையும் வைத்திருக்கிறது. அதனால் 600 காட்டினால் விஷம், 80 காட்டினால் அமிர்தம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வீட்டுக்கு ஆர்ஓ மெஷின் விற்க வருபவர்கள் சில பேர் இரண்டு டம்ளரில் தண்ணீர் வைத்து, இரும்புக் கம்பிகள் உள்ள ஒரு கருவியை அதில் விட்டு, சுவிட்சைப் போடுவார்கள். நம் குழாய்த் தண்ணீர் ஒரு நிமிடத்தில் பழுப்பும் கறுப்புமாகத் திரண்டு நிற்கும், அவர்களுடைய தண்ணீர் தெளிவாகவே இருக்கும். என் அம்மாவே அதைப் பார்த்துப் பயந்துபோய் அன்று முழுக்கக் குழாய்த் தண்ணீரைத் தொடவில்லை. அந்த அழுக்கு தண்ணீரில் இருந்ததே இல்லை. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் ஓடுவதால் அந்தக் கம்பியின் இரும்பு கரைந்து துருவாகத் திரள்கிறது, ஆர்ஓ தண்ணீரில் உப்பு குறைவு, மின்சாரம் சரியாக ஓடாது, அதனால் கம்பி கரையாது. அவ்வளவுதான் விஷயம். நல்ல கிணற்றுத் தண்ணீரை வைத்தாலும் அதே அழுக்குதான் வரும். இதை ஒரு சோதனை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மீட்டரும் நாக்கும் எங்கள் பக்கத்தில் கைவிடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கே கிரானைட்டும் நைஸ் (gneiss) என்ற பாறையும்தான் அடிப்பாறை, அவற்றில் உள்ள கனிமங்களிலிருந்து ஃப்ளோரைடு தண்ணீரில் இறங்குகிறது. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், நிறைய இருந்தால் அது ஃப்ளோரைடைப் பிடித்துப் படிய வைத்துவிடும். கால்சியம் குறைந்து காரத்தன்மை கூடிய தண்ணீரில் ஃப்ளோரைடு தாராளமாகத் தங்கும். அதனால் பருப்பு வேகாத, சோப்பு நுரைக்காத உப்புத் தண்ணீரைவிட, நாக்குக்கு நன்றாக இருக்கிற, எல்லோரும் குடம் தூக்கி வருகிற 'நல்ல தண்ணீர்' அடிபம்பில் ஃப்ளோரைடு கூடுதலாக இருக்கக்கூடும். எங்கள் பள்ளிக்கூடத்து அடிபம்பு அப்படித்தான். "தம்பி, இந்தப் பம்புத் தண்ணி இளநீ மாதிரி இருக்கும், இதுல போய் என்ன கெடுதல்" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி கேட்டார். அவர் சொன்ன ருசி உண்மைதான். ஃப்ளோரைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, நாம் பயப்பட வேண்டிய அளவில் ருசியும் இல்லை.

அடுத்தது கிட். ஜல் ஜீவன் திட்டம் 2019ல் வந்தபிறகு ஒவ்வொரு ஊரிலும் ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, தண்ணீர் சோதனைப் பெட்டியை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. எங்கள் ஊரில் பெட்டி வந்திருந்தது, பயிற்சியும் நடந்திருந்தது, அப்புறம் யாரும் அதைத் திறக்கவில்லை. சிறு சிறு பாட்டில்களில் ரசாயனம், சோதனைக் குழாய்கள், நிற அட்டை இவ்வளவுதான் பெட்டி. பிஎச், கடினத்தன்மை, குளோரைடு, ஃப்ளோரைடு, இரும்பு, நைட்ரேட், குளோரின் என்று வேண்டிய அடிப்படைச் சோதனைகள் அதில் இருக்கின்றன. ஃப்ளோரைடு சோதனை பார்க்கவே அழகாக இருக்கும், சில சொட்டு விட்டதும் தண்ணீர் சிவந்து, ஃப்ளோரைடு கூடக் கூட அந்தச் சிவப்பு வெளுத்து மஞ்சளுக்கு வரும், அதை அட்டையோடு ஒப்பிட வேண்டும். அடிபம்புத் தண்ணீர் நேராக மஞ்சளுக்குப் போனதை அங்கே நின்றிருந்த எல்லோரும் பார்த்தார்கள். நான் பத்து நாள் பேசியும் நடக்காதது அந்த ஒரு குழாயில் நடந்தது, மறுநாளே அங்கே குடத்து வரிசை குறைந்துவிட்டது.

கிட்டின் பலம் இதுதான், கண் முன்னால் நடக்கும், செலவு கிடையாது, எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் செய்யலாம், ஒரே காலையில் ஊரின் எல்லாத் தண்ணீரையும் வரிசையாக வைத்து எது மோசம் என்று பார்த்துவிடலாம். பலவீனமும் சின்னதல்ல. 1.4க்கும் 1.6க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் நிறம் பார்த்துச் சொல்ல முடியாது. ரசாயனம் காலாவதியாகியிருந்தால் நிறமே தப்பாக வரும், எங்கள் பெட்டியில் இரண்டு பாட்டில்கள் தேதி தாண்டியிருந்தன, ஊராட்சிச் செயலரிடம் சொல்லி மாற்றி வாங்கினோம். டியூப் லைட் வெளிச்சத்தில் பார்க்காதீர்கள், பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாமல் பாருங்கள், ஒரே ஆள் பார்ப்பதைவிட இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து எண்ணை எழுதிவிட்டு அப்புறம் ஒப்பிடுவது நல்லது. காரத்தன்மை மிகக் கூடிய தண்ணீரில் ஃப்ளோரைடு நிறம் கொஞ்சம் ஏமாற்றும் என்பதையும் மனதில் வையுங்கள். அதனால் கிட்டை 'இந்தத் தண்ணீர் சந்தேகம், அந்தத் தண்ணீர் தேவலை' என்று பிரிக்க வைத்துக்கொள்ளலாம், அதை வைத்து ஊருக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

கிருமிக்கு வேறு இரண்டு எளிய சோதனைகள் உண்டு, என்னைக் கேட்டால் ஊர் கையில் இருக்கவேண்டிய முக்கியமானவை இவைதான். ஒன்று எச்டூஎஸ் பாட்டில். சின்ன பாட்டிலுக்குள் மருந்து ஏற்றிய காகிதம் இருக்கும், கோடு வரை தண்ணீர் ஊற்றி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஒன்று இரண்டு நாள் வைத்தால், மலக்கலப்பு உள்ள தண்ணீர் கறுப்பாகிவிடும். மஞ்சா, மௌரியா, ராவ் என்ற இந்திய ஆய்வாளர்கள் மூன்று பேர் 1982ல் வெளியிட்ட முறை இது, லேபும் கரண்டும் இல்லாத இடத்துக்காகவே யோசித்த சோதனை, இன்று உலகம் முழுக்கப் பல நாடுகளில் பயன்படுகிறது. ஆழமான போர் தண்ணீரில் சில சமயம் மலக்கலப்பு இல்லாமலேயே கந்தகம் காரணமாகக் கறுக்கும், அதனால் போர் தண்ணீர் கறுத்தால் லேபில் ஒருமுறை உறுதிசெய்ய வேண்டும். டேங்கிலோ தெருக்குழாயிலோ எடுத்த தண்ணீர் கறுத்தால் லேப் பதிலுக்காகக் காத்திருக்காமல் அன்றே குளோரின் போடச் சொல்லுங்கள், வீடுகளில் காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்கள். கறுத்த பாட்டிலுக்குள் கிருமி பெருகியிருக்கும், பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி வைத்திருந்து அப்புறம் கொட்டுங்கள், பிள்ளைகள் கையில் படவே கூடாது.

இன்னொன்று குளோரோஸ்கோப். சுகாதார ஆய்வாளர்கள் கையில் பார்த்திருப்பீர்கள், குழாயில் தண்ணீர் பிடித்து மருந்து சொட்டினால் மஞ்சளாகும், மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு குளோரின் மிச்சம். கடைசி வீட்டுக் குழாயில் குறைந்தது 0.2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம், இருக்க வேண்டும். ஒரு நிமிட வேலை. இது கிருமியை நேராகக் காட்டாது, ஆனால் வழியில் கிருமி புகுந்தால் அதைக் கொல்ல ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று சொல்லும், அதனால்தான் டேங்க் பக்கத்தில் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை, தெருக்கோடியில்தான் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் டேங்குக்குப் பக்கத்துக் குழாயில் நல்ல மஞ்சள், காலனித் தெருக் கடைசியில் நிறமே இல்லை. பிளீச்சிங் பவுடர் மூட்டையைத் திறந்தே வைத்திருந்ததால் அதன் வீரியம் போயிருந்தது என்று அப்புறம்தான் தெரிந்தது, டேங்க் ஆபரேட்டரும் பாவம், சொன்ன அளவைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது லேப். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் லேப் இருக்கிறது, சில இடங்களில் கோட்ட அளவிலும் உண்டு, பொதுமக்களும் கட்டணம் கட்டித் தண்ணீர் கொடுக்கலாம். இது பல பேருக்குத் தெரியாது, அதிகாரிகள் மட்டும்தான் கொடுக்க முடியும் என்று நினைக்கிறார்கள். போவதற்கு முன்னால் போன் செய்து என்ன கட்டணம், எந்த நாளில் வாங்குவார்கள், பாட்டில் அவர்களே தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரசாயனச் சோதனையும் கிருமிச் சோதனையும் தனித்தனி, இரண்டும் வேண்டுமென்றால் இரண்டையும் எழுதிக் கொடுக்க வேண்டும். தனியாரோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. அதைவிடப் பெரிய லாபம், அந்தப் பகுதித் தண்ணீரையே நாள்தோறும் சோதிக்கும் வேதியியலாளர் அங்கே இருப்பார், எந்தப் பக்கத்துப் போரில் என்ன வரும் என்று அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். இன்னொரு லாபம் மனு எழுதும்போது தெரியும். தனியார் அறிக்கையைக் காட்டினால் 'எங்கே எடுத்த தண்ணீரோ' என்று ஓர் அதிகாரி தள்ளிவிட முடியும், அரசு லேபின் எண்ணை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது. குறை என்றால் காத்திருப்புதான், ஊராட்சிகள் அனுப்பும் மாதிரிகள் குவியும் காலத்தில் நம்முடையதும் வரிசையில்தான் நிற்கும். ஈயம், குரோமியம், பூச்சிமருந்து மாதிரி விஷயங்களை எல்லா மாவட்ட லேபும் பார்ப்பதில்லை.

தனியார் லேபில் எங்களுக்கு ஒரு கசப்பு நடந்தது. அவசரமாக வேண்டும் என்று பக்கத்து நகரத்தில் ஒரு லேபில் காலை பத்து மணிக்குப் பாட்டிலைக் கொடுத்தோம். அன்று மாலை ஆறு மணிக்கே வாட்ஸப்பில் ரிப்போர்ட் வந்தது, மலக்கலப்பைக் காட்டும் கிருமியான 'ஈ.கோலி இல்லை' என்று. பார்த்ததும் எல்லோருக்கும் சந்தோஷம். அன்று ராத்திரி படுத்தபிறகுதான் எனக்கு உறைத்தது, கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு எந்த வழக்கமான முறையிலும் ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், பழைய சோதனைக்குழாய் முறையில் இரண்டு நாளுக்கு மேலும் ஆகும், எட்டு மணி நேரத்தில் 'இல்லை' என்று எப்படிச் சொன்னார்கள்? கேட்டதற்குச் சரியான பதில் வரவில்லை. அந்தக் காசு போனதைவிட, அந்தத் தாளை நம்பி ஒரு பச்சைக் குழந்தைக்கு அந்தத் தண்ணீரைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தால் இன்னும் மனது ஆறவில்லை.

அதற்காகத் தனியார் லேப் எல்லாம் மோசம் என்று சொல்லமாட்டேன். லேப்களின் தரத்தைப் பார்த்து அங்கீகரிக்கும் தேசிய அமைப்பான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் உள்ள நல்ல லேப்கள் இருக்கின்றன, கருவிகளும் உயர்தரம். ஆனால் வாசலில் என்ஏபிஎல் பலகை இருப்பது மட்டும் போதாது. அங்கீகாரம் ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியாகத் தரப்படுவது. ரசாயனத்துக்கு வாங்கியிருப்பார்கள், கிருமிக்கு வாங்கியிருக்க மாட்டார்கள். அவர்களுடைய அங்கீகாரப் பட்டியலை என்ஏபிஎல் இணையதளத்தில் பார்க்கலாம், அதில் குடிநீர் என்ற தலைப்பில் உங்களுக்கு வேண்டிய சோதனை இருக்கிறதா, தேதி செல்லுபடி ஆகிறதா என்று பாருங்கள். ரிப்போர்ட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே எந்த முறையில் சோதித்தார்கள் என்று எழுதியிருக்க வேண்டும். 'ஃபுல் பேக்கேஜ்' என்று நாற்பது ஐம்பது சோதனைகளைத் தலையில் கட்டுவார்கள், அதில் பாதி நம் ஊருக்குத் தேவையே படாது. தருமபுரியில் ஃப்ளோரைடும் நைட்ரேட்டும் கிருமியும் கேளுங்கள், அடிப்படை உப்புகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நைட்ரேட்டுக்கு வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம், அதில் தளர்வே கிடையாது, கக்கூஸ் குழியும் சாணக்குழியும் யூரியாவும் அதை ஏற்றிவிடும், புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு அது ஆபத்து. இதே வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்றால் தோல் தொழிலும் ரசாயனக் கழிவும் இருந்த மண், அங்கே குரோமியத்தைக் கேட்காமல் சோதித்தால் சோதித்ததே வீண், அங்கே தனியார் லேபுக்கோ பெரிய அரசு லேபுக்கோ செலவழிப்பது நியாயம். கடலோரத்தில் உப்பு ஏறுவதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சென்னை அடுக்குமாடியில் சம்ப்புக்குள் சாக்கடை கசிகிறதா என்பதுதான் கேள்வி, அதற்கு எச்டூஎஸ் பாட்டிலிலேயே முக்கால்வாசிப் பதில் கிடைத்துவிடும்.

எந்த லேப் ஆனாலும் பாட்டிலில் தண்ணீர் பிடிப்பது நாம்தான், அங்கே தவறினால் எந்த மெஷினும் காப்பாற்றாது. ரசாயனச் சோதனைக்குச் சுத்தமான பிளாஸ்டிக் கேன், ஃப்ளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும் என்பதால் கண்ணாடி வேண்டாம். அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, விளிம்பு வரை நிரப்புங்கள். போர் என்றால் மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அடிபம்பு என்றால் பைப்பில் தேங்கியது போகும் வரை அடித்துவிட்டுப் பிடியுங்கள். கிருமிச் சோதனைக்கு லேபில் தரும் கிருமிநீக்கிய பாட்டிலைத்தான் பயன்படுத்த வேண்டும், அதை அலசவே கூடாது, உள்ளே தியோசல்பேட் என்ற மருந்து கொஞ்சம் இருக்கும், தண்ணீரில் மிச்சமிருக்கும் குளோரின் போகும் வழியில் கிருமியைக் கொன்று பொய்யான நல்ல முடிவு வந்துவிடாமல் அது தடுக்கும். குழாய் வாயை நெருப்பில் காட்டி, தண்ணீரைக் கொஞ்சம் ஓடவிட்டு, மூடியின் உள்பக்கத்தைத் தொடாமல் பிடித்து, ஐஸ் வைத்த பெட்டியில் போட்டு அன்றே சேர்த்துவிடுங்கள். நாங்கள் முதல் தடவை கட்டைப்பையில் வைத்து வெயிலில் இரண்டு பஸ் மாறிப் போனோம், லேபில் இருந்த அம்மா பார்த்துவிட்டு இதைச் சோதிப்பதில் அர்த்தமில்லை என்று பொறுமையாக விளக்கித் திருப்பி அனுப்பினார், அவர் சொன்னது சரி. பாட்டில் மேல் இடம், நாள், நேரம் எழுதி ஒட்டுங்கள், பிடிக்கும்போது போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள்.

எந்த நாளில் பிடிக்கிறோம் என்பது எங்கள் ஊர் மாதிரி இடங்களில் பெரிய விஷயம். டேங்கில் ஒகேனக்கல் தண்ணீர் ஏறிய நாளில் பிடித்தால் ஃப்ளோரைடு பிரச்சினையே இல்லை என்று வரும், போர் ஏற்றிய நாளில் பிடித்தால் வேறு மாதிரி வரும், இரண்டையும் கலந்துவிட்ட நாளில் இன்னொன்று. அதனால் டேங்கைவிட முதலில் போரை நேராகச் சோதியுங்கள். ஒரு கணக்குக்குச் சொல்கிறேன், போரில் 3, ஆற்றுத் தண்ணீரில் 0.3 என்று வைத்துக்கொண்டால் பாதிக்குப் பாதி கலந்தால் 1.65, அது வரம்பைத் தாண்டியது. மூன்று பங்கு ஆற்றுத் தண்ணீருக்கு ஒரு பங்கு போர் என்றால் 1க்குள் வந்துவிடும். போரின் எண் கையில் இருந்தால் எந்த அளவில் கலக்கலாம், கலக்கவே கூடாதா என்று ஆபரேட்டரோடு உட்கார்ந்து பேச முடியும், டேங்கில் ஏதோ ஒரு நாள் எடுத்த எண்ணை வைத்து அது முடியாது.

ரிப்போர்ட் வந்ததும் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். ஐஎஸ் 10500ல் இரண்டு எண்கள் இருக்கும், ஃப்ளோரைடுக்கு 1.0 விரும்பத்தக்க அளவு, 1.5 வேறு ஆதாரமே இல்லாதபோது பொறுத்துக்கொள்ளும் அளவு. 1.4 வந்தாலும் சிலர் 'குடிக்க உகந்தது' என்று எழுதிவிடுவார்கள். வெயிலில் கரும்புக் காட்டிலோ கல் குவாரியிலோ வேலை செய்யும் மனிதர் நாளுக்கு ஐந்து லிட்டர் குடிப்பார், அவருக்கு அது 7 மில்லிகிராம், ஏசி அறையில் இரண்டு லிட்டர் குடிப்பவருக்கு 3க்கும் கீழே. வெப்பநிலையையும் மக்கள் குடிக்கும் அளவையும் பார்த்து ஒவ்வொரு நாடும் வரம்பை முடிவு செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் இதனால்தான் சொல்கிறது. எங்கள் ஊருக்கு நாங்கள் 1.0ஐத்தான் கோடாக வைத்திருக்கிறோம், பிள்ளைகளின் பல் உருவாகும் வயதில் ஏறிய கறை அப்புறம் எதைத் தேய்த்தாலும் போவதில்லை.

ஆக நாங்கள் முடிவு செய்தது இது. மீட்டர் வாங்கவில்லை. வருடத்தில் இரண்டு தடவை, கோடையில் ஒன்று, வடகிழக்கு மழை ஓய்ந்ததும் ஒன்று, எல்லா மூலத்தையும் வாரிய லேபில் ரசாயனத்துக்கும் கிருமிக்கும் கொடுப்பது. சேர்த்த காசில் பெரும்பகுதி அதற்கும் போக்குவரத்துக்கும்தான். கிட்டில் ஃப்ளோரைடும் நைட்ரேட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது, எங்காவது புது போர் போட்டால் குழாய் இணைப்பதற்கு முன்பே பார்ப்பது. எச்டூஎஸ் பாட்டில் மாதம் ஒன்று, பெருமழைக்குப் பிறகும் பைப் உடைப்பு சரிசெய்த பிறகும் கூடுதலாக ஒன்று. குளோரோஸ்கோப் வாரம் இரண்டு நாள், காலனித் தெருக் கடைசிக் குழாயில். தனியார் லேபை, வாரிய அறிக்கையும் கிட்டும் முரண்பட்டால் மட்டும் மூன்றாவது ஆளாக வைத்துக்கொள்வது என்று பேசியிருக்கிறோம், இதுவரை தேவைப்படவில்லை. வாரிய அறிக்கையிலும் அடிபம்பு 1.5ஐத் தாண்டியே வந்தது, அதன்மேல் சிவப்பு பெயின்ட் அடித்து 'குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம், துவைக்கலாம்' என்று எழுதியிருக்கிறோம்.

காய்ச்சினால் சரியாகிவிடாதா என்று இன்னும் கேட்கிறார்கள். கிருமிக்குச் சரியாகும். ஃப்ளோரைடும் நைட்ரேட்டும் கொதித்தால் போவதில்லை, தண்ணீர் ஆவியாகிச் சுண்டச் சுண்ட அவற்றின் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

எல்லா எண்களையும் ஒரு நோட்டில் எழுதி வருகிறோம், பயிற்சி எடுத்த அக்காதான் பொறுப்பு. மார்ச் 22, உலக தண்ணீர் நாள் கிராம சபையில் அந்த நோட்டை அவரே வாசித்தார். ஒகேனக்கல் தண்ணீர் வராத நாட்களின் பட்டியலையும் அதோடு சேர்த்துத் தீர்மானத்தில் ஏற்றினோம், லேப் அறிக்கையின் நகலை இணைத்து. பள்ளிக்கூடத்துக்குத் தனி இணைப்பு தருவதாகச் சொல்லி, பைப் பள்ளம் தோண்டும் வேலை போன வாரம் ஆரம்பித்திருக்கிறது. தண்ணீர் வந்ததும் முதல் பாட்டில் அந்தக் குழாயில்தான் பிடிக்க வேண்டும்.